பனையைச் சுற்றிய வளையங்கள்

கோப்பாய்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் அனுஜாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் கொம்மாவும் தின்று உடுத்து நடமாடித் திரிகிறோம், அங்கே பனிக்குள் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்க, இந்தக் காலத்தில் கடிதம் எழுதக் கொப்பருக்கு என்ன விசரோ என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் கொம்மா பறிக்கிறாள், அவள் திருப்பித் தருகிற நேரம் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகுது. சிசிலியா அன்ரி மகனைப் பார்க்க நோர்வேக்கு வருகிறா, மிளகாய்த்தூளும் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் கொடுத்துவிடுகிறோம், அந்தப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். மிளகாய்த்தூள் மணத்தால் கண் எரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இங்கே மாரி நல்லாய்த் தொடங்கிவிட்டது, கிணறு நிரம்பி வருகுது, வெங்காயம் முளைத்துப் பச்சையாய் நிற்குது, கொம்மாவின் முழங்கால் நோ மட்டும் மழையோடு சேர்ந்து வந்திருக்கிறது. போன கிழமை நீ சொன்னதைத்தான் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு இருக்கிறோம். மணல் தொட்டிக்குள் கரண்ட் விட்டு அளந்த அளவுகள் உன்ரை கணக்கோடு ஒத்துவரவில்லை, பேராசிரியர் திரும்பவும் முதலில் இருந்து செய்யச் சொல்கிறார், இந்தப் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது கடையில் வேலைக்குப் போகப் போகிறேன் என்றாய். மண்ணுக்குள்ளை மின்னழுத்தம் எப்பிடிப் பரவுது எண்டு தெரிஞ்சு ஆருக்கு என்ன பிரயோசனம் அப்பா என்றும் கேட்டாய். விஞ்ஞானப் பாடத்தில் பெயிலாகி, திரும்ப எழுதி இன்னும் வடிவாய்ப் பெயிலானவன் நான், என்னத்தைச் சொல்ல. ஆனால் இங்கே நடந்த ஒன்றை உனக்கு மறைத்துவிட்டோம், பயப்படுவாய் என்று. இப்போது எல்லாரும் சுகம், அதனால் பயப்படாமல் வாசி.

நீ ஆவணியில் வந்து நின்றபோது பின்வளவுப் பனையைச் சுற்றிப் பூவரசந்தடியால் மண்ணில் வளையம் வளையமாய்க் கீறிக் காட்டினாயே, மின்னல் பனையில் இறங்கினால் மரத்தடியில் அழுத்தம் ஆகக் கூட, தள்ளித் தள்ளிப் போக ஒவ்வொரு வளையத்துக்கும் குறைஞ்சு குறைஞ்சு போகும், ஒரு கால் ஒரு வளையத்திலும் மற்றக் கால் வேறொரு வளையத்திலும் நின்றால் அந்த வித்தியாசம்தான் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கி ஆளை அடிக்கும் என்றாய். மரத்துக்குக் கிட்டே வளையங்கள் நெருக்கம், அங்கே மின்புலம் கடுமை, ஒரு சின்ன எட்டு வைத்தாலும் கனக்க வித்தியாசம் வரும் என்றும் சொன்னாய். நான் அப்ப ஒற்றைக்காலில் நிற்கிற கொக்குக்கு ஒண்டும் செய்யாதோ என்று பகிடி விட்டேன். கொம்மா பகிடி விடாமல் கேட்டுக்கொண்டு நின்றவள். இடி முழங்கினால் முதல் வேலை வீட்டுக்குள் போறது, போக நேரமில்லாமல் கைமயிர் குத்திட்டு நின்றால் ஓடாதேங்கோ, ரண்டு காலையும் ஒட்டி வைச்சுக் குந்துங்கோ என்று நீ சொன்னது அவளுக்குத்தான் ஏறியது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு பின்னேரம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பனையோடு கட்டியிருந்த மறியாட்டை அவிழ்க்கக் கொம்மா பின்வளவுக்குப் போனாள். நான் என்ன செய்தேன் என்றால், உனக்குத் தெரியும்தானே, எங்கடை அப்பு காலம் தொட்டு இடிமுழக்கம் கேட்டால் இரும்பை முற்றத்தில் எறிகிற பழக்கம், மின்னல் அதிலே இறங்கிவிடுமாம். கோயிலில் போதகர் ஆண்டவரில் நம்பிக்கை வையுங்கோ என்கிறார், நானும் வைக்கிறேன், வைத்துவிட்டுக் கிடங்கு கிண்டுகிற அலவாங்கையும் எறிகிறேன். அன்றைக்கு முற்றம் காணாதென்று பின்வளவில் எறிய, அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு எட்டெட்டாய் வைத்து ஓடினேன். கொம்மா ஆட்டுக்குக் கிட்டப் போனவள் திடீரென்று நின்று, கையைப் பார்த்து, அப்படியே கால் இரண்டையும் ஒட்டிக் குந்திவிட்டாள். நான் இவளுக்கு முழங்கால் பிடிச்சிட்டுது என்று நினைத்து இன்னும் நீட்டி ஒரு எட்டு வைத்தேன். வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பிறகு பார்த்தால் வாழைக் கிடங்குக்குள் கிடக்கிறேன், அலவாங்கு ஒரு பக்கம், உடுத்திருந்த சாரம் ஒரு பக்கம், கால் இரண்டும் என்னுடையதில்லை. கொம்மா வந்து குனிந்து பார்த்து, மூச்சு வருகுது என்று கண்ட பிறகுதான் பேசத் தொடங்கினாள். மின்னலுக்கு அலவாங்கு குடுக்கப் போனவர், அது வேண்டாமெண்டு காலை வாரிவிட்டிட்டுது என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே அழுதாள்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இதயம் சரி என்று அனுப்பிவிட்டார்கள், கால் விறைப்பும் போய்விட்டது. ஆடு போய்விட்டது பிள்ளை, முன்கால் மரத்தடியில், பின்கால் வெளிப்பக்கம், நின்ற நிலையிலேயே போய்விட்டது. கொம்மாவுக்கு இன்னும் அதுதான் கவலை, இன்னும் கொஞ்சம் முன்னம் அவிழ்த்திருக்கலாம் என்கிறாள்.

பக்கத்து வீட்டுச் சுபாஸ் வந்து, அண்ணை, மரத்துக்குக் கிட்ட நிண்ட அக்காவுக்கு ஒண்டுமில்லை, தள்ளி வந்த உங்களைத் தூக்கி எறிஞ்சிருக்கு, மின்னலுக்கும் உங்களைப் பிடிக்கேல்லையோ என்று கேட்டான். கொம்மா தடியை எடுத்துக்கொண்டு போய், கருகின பனையைச் சுற்றி நீ கீறினது போலவே கீறி, என்ரை ரண்டு காலும் இந்த ஒரு வளையத்திலை, இவரின்ரை கால் ஒண்டு இஞ்சை, மற்றது அங்கை என்று விளக்கினாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது, எனக்கு மரியாதை மிச்சமில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பராசக்தி, எங்கடை தோட்டத்தில் களை பிடுங்க வருகிறவள். போன மாரியில் அவளுடைய மச்சாள் வேறொரு தோட்டத்தில் வேலை செய்யும்போது மின்னல் அடித்துச் செத்தவள். பராசக்தி வளையங்களை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அக்கா, நாங்கள் ஈரப் பாத்திக்குள்ளை ரண்டு காலையும் ஒரு கையையும் ஊண்டிக்கொண்டெல்லோ புல்லுப் பிடுங்கிறம், கிட்டடியிலை வீடும் இல்லை, மின்ன வெளிக்கிட்டா கையை எடுத்தாப் போதுமோ, வரம்பிலை ஏறிக் குந்துறதோ, தண்ணி நிக்கிற பாத்திக்குள்ளையே இருக்கிறதோ, மச்சாள் எந்த இடத்திலை நிண்டிருந்தாத் தப்பியிருப்பாள் என்று கேட்டாள். கொம்மாவுக்குத் தெரியவில்லை. நான் பெரிய ஆள் போலத் தொண்டையைச் செருமினேன், கொம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அதுவும் நல்லதுக்குத்தான், தெரியாதவன் சொன்னதைக் கேட்டு ஒருத்தி செத்தால் யார் பதில் சொல்வது. எங்கடை மகள் இதைத்தான் படிக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்று கொம்மா சொல்லி அனுப்பினாள். அது நீ போனில் அழுவதற்கு முன்னம்.

படிப்பை விடாதே என்று உனக்கு எழுத எனக்குத் தகுதியில்லை, பாரம் உன் தோளில்தானே இருக்கிறது. கடையில் நின்றாலும் நீ எங்கடை பிள்ளைதான், கோயிலில் யாராவது கேட்டால் நிமிர்ந்துதான் சொல்வேன். விடுவதென்றால் விடு மகள், ஆனால் பராசக்திக்குப் பதில் சொல்லிவிட்டு விடு. அந்தத் தொட்டிக்குள் வரம்பும் பாத்தியும் கட்டி, கொஞ்சம் தண்ணியும் விட்டு ஒருக்கால் அளந்து பார். கணக்கு முழுக்க ஒத்துவராவிட்டாலும் எந்த இடம் மற்ற இடத்தைவிட நல்லது என்றாவது தெரியாதோ. எனக்கென்னவோ தெரியும் என்றுதான் மனம் சொல்லுது, கொம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை நீ. மாரி இன்னும் கிடக்கிறது, அவர்கள் நாளைக் காலையும் பாத்திக்குள் இறங்குவார்கள்.

ஆண்டவர் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, காலுறை இரண்டு போடு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே. பதில் கிடைத்தால் எனக்கு எழுத வேண்டாம், போனில் கொம்மாவிடம் சொல்லு. என்னிடம் சொன்னால் வரம்பைப் பாத்தி என்றும் பாத்தியை வரம்பு என்றும் மாறிச் சொல்லிவிடுவேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
நதானியேல்