கடைசி இருபது

அன்பு மகன் நிதிஷுக்கு அம்மா எழுதிக்கொண்டது. வடிவுடையம்மன் புண்ணியத்தில் நீ கத்தாரில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை கண்ணு. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதுமே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு சினேகா புருஷனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நெல்லூரில் பெரியப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், தம்பியைக் கேட்கிறார் என்று அவர் மகள் புஷ்பவல்லி போன் செய்ததும், நீ வாங்கித் தந்த கரண்டு காரில்தான் கிளம்பினோம். சார்ஜ் கம்மியாக இருந்ததால் மீஞ்சூர் பக்கம் ஒரு பங்க்கில் போட்டோம். எண்பது பர்சென்ட் வரைக்கும் விறுவிறுவென்று ஏறியது, அப்புறம் ஆமை மாதிரி ஆகிவிட்டது. போதும் கிளம்பலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். டேங்க் ஃபுல்லாவாம போட்டைக் கரைய வுட்டு எடுக்காதடான்னு அண்ணன்தான் சொல்லிக் குட்த்துச்சு, நடுக்கடல்ல பங்க்கா கீது, என்று சொல்லி அப்பா நூறு ஆகிறவரை நின்றார். நாங்கள் போய் இறங்கும்போது பெரியப்பாவுக்குத் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி பொன்ராஜ் வந்துட்டானா, பொன்ராஜ் வந்துட்டானா என்று கடைசிவரை வாசலையே பார்த்தாராம்.

நேற்று தண்டையார்பேட்டை அப்சல் பாய் வண்டியில் ஆஸ்பத்திரி போனேன். அவருடையதும் கரண்டு கார்தான். அந்த பங்க் மிஷினில் என்ன கோளாறு பாய் என்று கேட்டேன். கோளாறே இல்லையாம். பங்க் போர்டில் சார்ஜ் எவ்வளவு வேகமாக ஏறும் என்று போட்டிருந்தாலும் எண்பதுக்கு மேல் கார் தானே வேகத்தைக் குறைத்துத்தான் வாங்குமாம். நாம் ஐஸ் பெட்டியில் மீனை முதலில் கூடை கூடையாகக் கொட்டிவிட்டு மேலே வரவரக் கையால் இடம் பார்த்து அமுக்குகிறோமே, அப்படி. எல்லோரும் எண்பதிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களாம், வழியில் நாயுடுபேட்டையில் நிறுத்தி, இறங்கின சார்ஜுக்குப் போட்டிருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் ஏறியிருக்குமாம். அண்ணன் முகத்தை உயிரோடு பார்த்திருப்பாரே பாவி மனுஷன்.

அப்பா சாப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. விடிந்தால் காசிமேட்டுக் கடலோரக் கல்லில் போய்த் தனியாக உட்கார்ந்துவிடுகிறார், எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மிஷின்தான் சதி பண்ணிட்ச்சு, நான் அண்ணன் சொல்லை மீறல, என்கிறார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறார். ஏன் லேட்டாச்சுன்னு என் புள்ள கேட்டுச் சொல்லுவான், ஞாயித்துக்கிழமை பேசுவான், என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ படித்த பிள்ளை, மிஷினில் கோளாறே இல்லை என்று விவரமாக விளக்கிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், பெற்றவள் விழக்கூடாது என்பார்கள், பரவாயில்லை. விசாரித்தேன், அந்த மிஷின் ரிப்பேர் என்று மட்டும் சொல்.

குளிரூட்டின அறையிலேயே கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மன் உன்னை நூறு வருஷம் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே. வண்டியை அன்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் அப்பா தினமும் வீட்டு பிளக்கில் போட்டு, நூறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா கோவிந்தம்மா,
காலடிப்பேட்டை