ஃபெல்ட் துணியில் துலிப் தோட்டம்

மார்ச் 23, திங்கள்

காலையிலேயே சுள்ளுன்னு வெயில். ஃபெல்ட் துணி வாங்கியாச்சு. சிவப்பு, மஞ்சள், ரோஸ். இலைக்குப் பச்சை. தண்டுக்குக் கம்பி. பசை ரெண்டு டப்பா. கத்தரி பழசு, கெடக்கட்டும்.

கப்பல் நின்ன ஊர்லருந்து எங்க வீட்டுக்காரவிய அனுப்பின படம்தான் கண்ணுக்குள்ளயே நிக்கி. அங்கன வசந்தமாம். துலிப்புன்னு ஒரு பூ, வயல் வயலா. சனிக்கிழமை வீட்டுக்கு வாராவ. அதுக்குள்ள முன்னறை பூரா அந்தப் பூவாச் செஞ்சு வச்சிரணும். அம்புட்டும் இங்கனயே இருக்குன்னா மறுபடி எதுக்குக் கப்பல்? அடுத்த திங்கக்கிழமை ஏஜெண்ட் வாராரு, இன்னும் ஒம்பது மாசத்துக்குக் கையெழுத்து வாங்க.

வாயாலயே சொல்லலாம். வராது. இருவத்திரெண்டு வருசமா வழியனுப்பையில, "போயிட்டு வாங்க, கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கேன்"னு கேலிதான். அவியளும் சிரிச்சுக்கிட்டே போயிருவாவ.

மார்ச் 25, புதன்

பூ முப்பது. போன் படத்து மேலயே துணிய வச்சு அளவு எடுத்தேன். ஒரு பூ கட்டைவிரல் நகம் பெருசு. விரல் பூரா பசை.

பக்கத்து வீட்டு சகாயம் மைனி எட்டிப் பாத்தாவ.

"ஏளா, தவக்காலத்துல பீடத்துக்குப் பூ ஆகாதுன்னு தெரியாதா?"

"பீடத்துக்கு இல்ல மைனி. புருசனுக்கு."

"அவனுக்கு எதுக்குளா பூ?"

"மேயுததுக்கு."

மத்தியானம் துணி மடியில கெடக்க, கண்ணு சொருகிட்டு. அந்த வயல்ல நடக்கேன். தரை குளுகுளுன்னு. சேலைக் கரையில பூ உரசுது, சத்தமே இல்ல. இவிய முன்னால போறாவ. கூப்பிடுதேன், எனக்கே கேக்கல. முழிச்சா வெளிய கடல்ல மீன்புடி வல்லத்து எஞ்சின் சத்தம். கையில பாதி இதழ்.

மார்ச் 28, சனி

வந்தாச்சு. மெலிஞ்சு போயி. ஊளி மீன் குழம்பு, மூணு தடவை சோறு. பெறகுதான் சுத்திப் பாத்தாவ.

"என்னளா இது, மிளகாப் பூவா?"

"துலிப்பு. நீங்க அனுப்பினதுதான்."

சிரிச்ச சிரிப்புல புரையேறிட்டு. ஒவ்வொண்ணும் டீ கிளாஸ் பெருசு இருக்குமாம். எனக்கு எப்படித் தெரியும்? போன்ல அம்புட்டுத்தான இருந்துச்சு.

"நல்லாத்தான் இருக்கு. விக்கலாமே"ன்னாவ.

நானும் சிரிச்சேன். இப்பம் சொல்லீரணும்னு வாயத் தொறந்தா, "வீட்டு அளவுக்குத்தான் பூ"ன்னு வருது. என் வாயி!

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயில்ல நல்ல கூட்டம். ஏஜெண்ட் நாளைக்குப் பத்து மணிக்காம். நான் இன்னும் சொல்லல.

மார்ச் 30, திங்கள்

காத்து ஜாஸ்தி. பூவெல்லாம் கம்பியில ஆடிக்கிட்டே.

காப்பி குடுக்கையில சொல்லிட்டேன். "போகாதிய."

"என்னது?"

"கேலி இல்ல. போகாதிய."

டம்ளரக் கீழ வச்சாவ.

"நான் போனா நிம்மதின்னுல்ல சொல்லுவ?"

"பொய்."

"இருவத்திரெண்டு வருசமாவாளா?"

அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துட்டு. வண்டிச் சத்தம். ஏஜெண்ட். வாசல்ல வச்சே பேசினாவ. காத்துல எனக்கு ஒண்ணும் விழல. அவரு பேனாவப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வண்டிய எடுத்தாரு.

இவிய உள்ள வந்தாவ. பெட்டியத் தொறந்து சட்டைய எல்லாம் பீரோவுல அடுக்குதாவ. என் சேலை பூராத்தையும் ஓரமாத் தள்ளியாச்சு. இந்தா போறேன், சண்டை போட.