எலியா திருநாளுக்கு மறுநாள்

ஜூலை 3, 1894. ஸஹ்லே.

ஜெனீவாக்காரர் வந்து சேர்ந்தார். பெயர் ஷெர்வே. வயது முப்பதுக்குள் இருக்கும். தாடிக்கு மட்டும் அறுபது. என் கணவரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதப்போகிறாராம் – லெபனான் மலைகளில் செடி தேடி அலைந்த முதல் மனிதர் என்று. ஷுக்ரி இறந்து எட்டு வருஷமாகிறது. இப்போதுதான் இவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அவர் அனுப்பிய செடிகளுக்கெல்லாம் இவர்களுடைய பேராசிரியர்கள் தங்கள் பெயரையும் மாமனார்கள் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு செடிக்குத்தான் எங்கள் குடும்பப் பெயர், தராத்: ஷேக் மலை உச்சியில், பனி உருகிய ஈரத்தில் பூக்கும் தராதிச் செடி. உள்ளங்கையளவுதான்.

காப்பிக்குப் பால் கேட்டார். இல்லை என்றேன். பால் இருந்தது.

ஜூலை 5

அலமாரிகளைத் திறந்துவிட்டேன். நாலாயிரம் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செடி, கீழே ஒரு சீட்டு – செடியின் பெயர், இடம், தேதி, சேகரித்தவர். சீட்டு எல்லாம் என் கை. மடத்துப் பள்ளியில் மதர் கிளெமான்ஸ் விரலில் பிரம்பால் தட்டித் தட்டி வரவழைத்த எழுத்து.

ஷெர்வே ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் கையெழுத்து எவ்வளவு அழகும்மா" என்றார்.

ஷுக்ரியின் எழுத்து, நனைந்த கோழி நடந்துபோன மாதிரி இருக்கும். சொல்லவில்லை.

ஜூலை 20

எலியா திருநாள். பூசை நீளம், பிரசங்கம் அதைவிட நீளம். புதுச் சாமியாருக்கு லத்தீன் உச்சரிப்பு சுத்தமாக வரவில்லை. வராததைச் சத்தம் போட்டுச் சரிக்கட்டுகிறார்.

ஜூலை 24

ஷெர்வே இன்று உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

வாழ்க்கை வரலாற்றுக்காகக் கோயில் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். என் மகள் நஸீராவின் ஞானஸ்நானம் – 1867 ஜூலை 21, ஞாயிறு. தகப்பன் கையெழுத்து இருக்கிறது. தராதிச் செடியின் சீட்டில் – ஷேக் மலை உச்சி, 1867 ஜூலை 21.

"காலையில இங்க கோயில்ல இருந்தவர் அன்னைக்கே அந்த உச்சியில எப்படிம்மா இருந்திருப்பார்? மூணு நாள் வழி. வேற யார்கிட்டயாவது வாங்கினதா? எங்கேயோ தோட்டத்துல வளர்ந்ததா? ஒரு சீட்டு பொய்யின்னா மத்ததையும் நம்ப முடியாதில்லையா."

"எங்க வீட்டுல பொய்ச்சீட்டு கிடையாது."

"அப்போ தேதி?"

அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 25

தூக்கமில்லை. நாலாயிரம் சீட்டில் ஒன்றுகூட அடித்துத் திருத்தியதில்லை. அந்தத் தாடி என்ன கண்டது.

ஜூலை 29

ஷெர்வேயிடமிருந்து ஒரு சீட்டு. வெள்ளிக்கிழமைவரை இருப்பாராம். அதற்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் "சந்தேகத்துக்குரிய சேகரிப்பு" என்று எழுதத்தான் வேண்டியிருக்குமாம். மன்னிப்பும் கேட்டிருக்கிறார். எழுத்துப்பிழையோடு.

ஆகஸ்ட் 1

மித்ரி வந்தான். ஷேக் மலை அடிவாரத்து ராஷயாக்காரன், ஷுக்ரியின் கோவேறு கழுதைகளை இருபது வருஷம் ஓட்டியவன். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் – பின்படி வழியாக ஏறி, சமையலறைத் தரையை மண்ணாக்கி, ஆட்டுப் பாலாடைக்கட்டி ஒரு மூட்டை வைத்துவிட்டு, திருநாள் வாழ்த்து சொல்வான். பன்னிரண்டு நாள் பிந்தி.

"எலியா திருநாள் போன மாசமே போயிடுச்சு மித்ரி."

"உங்களுக்குப் போயிடுச்சும்மா. எங்களுக்கு இன்னைக்குத்தான். உங்க எலியா ரோமாபுரியில இருந்து ரயில்ல வர்றார், எங்க எலியா கழுதையில வர்றார்."

அவனே சிரித்தான். பல் மூன்றுதான் மிச்சம். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் பழைய சபை, பழைய நாள்காட்டி. பிடிவாதக்கார ஜனம்.

அவன் போனபிறகு பாலாடைக்கட்டியை உப்புநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது –

ஐயோ கடவுளே.

அந்த வருஷம் ஷுக்ரி காய்ச்சலோடு திரும்பி வந்தார். ஜெனீவாவுக்குப் பெட்டி போகவேண்டும், கப்பல் நிற்காது. அவருடைய குறிப்புப் புத்தகம் தலையணைக்கடியில் இருந்தது, எழுப்ப மனமில்லை. மித்ரியைக் கூப்பிட்டுக் கேட்டேன், இது என்றைக்குப் பறித்தது? "எலியா திருநாளுக்கு மறுநாள்மா" என்றான். ஜூலை 21 என்று எழுதினேன். என் எலியாவுக்கு மறுநாள். அவனுடைய எலியாவுக்கு இல்லை.

அன்று ஷுக்ரி ஞானஸ்நானத்துக்குக் கோயிலில் இருந்தார் என்றுகூட உறைக்கவில்லை. பிரசவமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை என்று சாக்குச் சொல்லலாம். சொல்லமாட்டேன். தப்பு என்னுடையது.

ஆகஸ்ட் 2

சரியான தேதி ஆகஸ்ட் 2. இன்றோடு இருபத்தேழு வருஷம்.

நஸீராவிடம் சொன்னேன். பெரிதாக மூச்சுவிட்டாள். "அவ்வளவுதானே? அப்பா பேரு தப்பிச்சுது. குறிப்புப் புத்தகத்தைக் காட்டி முடிச்சிடும்மா."

குறிப்புப் புத்தகத்தைக் காட்டவேண்டுமாம். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்; ஒருமுறை படித்து மூடியது, தேதியைத்தான் கவனித்ததில்லை. ஆகஸ்ட் 2, கோழிக்கால் எழுத்தில்: "ராஷயா. காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. மித்ரி தனியாக மேலே போனான். சாயங்காலம் எனக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்தான்."

உச்சிக் கதையை இந்த மேசையில் ஷுக்ரி எத்தனை முறை சொல்லியிருக்கிறார். பாறையில் கால் வழுக்கியது, மேகம் இடுப்புவரை வந்தது, மண்டியிட்டுப் பறித்தது. ஆயரிடம் சொன்னார். பிரெஞ்சுத் தூதரிடம் சொன்னார். வருஷத்துக்கு வருஷம் மேகம் உயர்ந்துகொண்டே போனது. நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கழுதைக்காரன் பறித்தால் எஜமான் பறித்ததுதான் – அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள், சீட்டில் வேலையாள் பெயர் யார் எழுதினார்கள்? நானே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மேகத்தை நான் ஒருநாளும் மன்னிக்கவில்லை.

படித்துக் காட்டினேன். நஸீரா புத்தகத்தை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள்: "அந்தப் பக்கம் தையலோட கடைசியிலதானே இருக்கு. சுத்தமா வந்துடும்மா. ராஷயாவுல இருந்தார்னு நீ வாயால சொன்னா போதும். அந்தக் கிழவன் என்ன கேக்கவா போறான்?"

என் மகள். அவளையும் அதே மடத்துக்குத்தான் அனுப்பினேன். செலவழித்தது வீண்.

கிழிக்காவிட்டால் ஷுக்ரி பெரிய மனிதரல்ல, கதைவிடுகிறவர். கிழித்தால் ஷுக்ரி பெரிய மனிதர், நான் திருடி.

நாளை வெள்ளி.

ஆகஸ்ட் 3

மித்ரி திருநாளுக்காக இந்த ஊரிலேயே தன் தங்கை வீட்டில்தான் தங்கியிருந்தான். ஆளனுப்பினேன். பின்படியில் வந்தான்.

"உன் முழுப்பெயர் என்ன?"

"எதுக்கும்மா, வரி போடவா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்."

"மித்ரி மன்ஸூர் ஹத்தாத். எங்க எஜமான், கவாஜா, என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுவார். அதுக்கும் பதில் சொல்லுவேன்."

அறிமுகமாகி முப்பது வருஷம். குடும்பப் பெயர் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"அந்த உச்சிச் செடி. எப்படிப் பறித்தாய்?"

"குனிஞ்சு" என்றான். கொஞ்சம் யோசித்தான். "கழுதை வரலைன்னுடுச்சும்மா. கடைசி ரெண்டு மணி நேரம் நடந்தேன். இந்த மாதிரி எங்கேயும் பார்த்ததில்லையேன்னு தோணிச்சு. கவாஜா கையில கொடுத்தேன், காய்ச்சலோட எழுந்து உக்காந்துட்டார். அழுதார்மா. அதை யார்கிட்டயும் சொல்லலை நான்."

ஆக, ஷுக்ரி சொல்லாத ஒரே உண்மையை இவன் வைத்திருந்தான்.

ஷெர்வே பத்து மணிக்கு வந்தார். குறிப்புப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து கொடுத்தேன். படித்தார், பிறகு சமையலறை வாசலில் நின்ற மித்ரியைப் பார்த்தார், பிறகு என்னை. "இதை நீங்க காட்டியிருக்க வேண்டாமேம்மா" என்றார். ஜெனீவாவில் இதுதான் மரியாதை போலிருக்கிறது.

அவர் எதிரிலேயே புதுச் சீட்டு எழுதினேன். ஷேக் மலை உச்சி. 1867 ஆகஸ்ட் 2. சேகரித்தவர்: மித்ரி மன்ஸூர் ஹத்தாத், ராஷயா. கீழே, சின்னதாக: முந்தைய சீட்டில் தேதிப் பிழை. பிழை செய்தவர்: அஃபீஃபே தராத்.

ஷெர்வே அந்த எழுத்தை உற்றுப் பார்த்தார். எழுந்து அலமாரிக்குப் போய் ஒரு தாளை எடுத்தார். இன்னொன்று. இன்னொன்று. திரும்பி வந்து உட்கார்ந்தார். பாலில்லாக் காப்பியைக் குடித்து முடித்தார்.

நாலாயிரம் சீட்டில் என் பெயர் இருப்பது இது ஒன்றில்தான்.

ஆகஸ்ட் 19

நஸீரா இன்னும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகப் படிக்க முடிகிறது.

செப்டம்பர் 26. மித்ரி கணக்கில் 14, சிலுவைத் திருநாள்.

ஷெர்வே கடிதம். செடியின் பெயரை மாற்ற முடியாதாம், விதி; தராதியாகவே இருக்கும். உச்சி ஏறிய அத்தியாயத்தில் மட்டும் ஷுக்ரி படுத்திருக்கிறார்.

மித்ரி வந்தான். படித்துக் காட்டினேன். "பேரு அவருக்கு, மலை எனக்கு. சரிதான்மா" என்றான்.

முன்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தேன். வந்தான். கம்பளம் முழுக்கச் சேறு.