வலது பக்கத்து நட்டு

ஜூலை 9, புதன்

இந்த நோட்டை யார் எடுத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்று மூன்றாவது பீரியடில் யூனிஃபார்ம் பாக்கெட்டில் கைவிட்டேன். ஒரு காட்டர் பின் இருந்தது, இரண்டு கால் உள்ள சின்னக் கம்பி. அது காரில் இருக்க வேண்டியது.

ஐந்து மாதமாக அப்பா வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் கார் கட்டுகிறார். பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. நேற்று மாலை ஸ்டியரிங் வேலை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இரண்டு பக்கமும் ஒரு கம்பி சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். கம்பியின் நுனியில் பல் வெட்டிய நட்டு. அதை முடுக்கி, ஓட்டையில் பின்னை நுழைத்து, கால்களை மடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது நட்டு கழன்றுவிடும்.

அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதனால் பின் போடுவது என் வேலை. போட்டபிறகு நட்டின்மேல் வெள்ளைக் கோடு. அப்பாவின் கம்பெனியில் அப்படித்தானாம். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம், வேறு யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். என் ஸ்கூல் வொய்ட்னரால் போடுகிறேன்.

இடது பக்கம் சரியாகச் செய்தேன். வலது பக்கம் — வொய்ட்னர் மூடியைக் காணோம், காய்ந்துவிடுமே என்று கோட்டை முதலில் போட்டுவிட்டேன். அதற்குள் அம்மா தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டாள். கையிலிருந்த பின்னைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அப்பா டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஆச்சா பாப்பா?"

"ஆச்சுப்பா."

கோட்டைப் பார்த்தார். தலையாட்டினார்.

ஞாயிறு காலை கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் லாரி குறைவு. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டப்போகிறார்.

ஜூலை 10, வியாழன்

சொல்லவில்லை. மூன்று தடவை கொட்டகைவரை போனேன்.

ஜூலை 11, வெள்ளி

தேசப்பன் மாமாவை நினைத்துத்தான் வாய் திறக்கவில்லை.

அப்பாவோடு பதினாறு வருஷம் ஒரே ஷிஃப்ட். போன வருஷம் அப்பாவின் மெஷினில் ஒரு போல்ட்டை முடுக்காமலே கோடு போட்டவர் அவர். அன்றுதான் விரல்கள் போயின. இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா எட்வர்டு, காரு கட்டிக்கினு கீறியாமே! நம்மள ஒரு ரவுண்டு இட்டுக்கினு போவ மாட்டியா?"

அப்பா இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் போட்டார். தேய்க்க எதுவும் இல்லை. அவர் போகும்வரை சும்மா ஓடியது.

சாப்பிடும்போது அம்மா, "எத்தினி வாட்டிதான் வருவாரு அந்த ஆளு. பாவம்யா" என்றாள்.

"மறந்துட்டான்னா பரவால்ல செண்பகம். கோடு போட்டுட்டான் பாரு."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோறு இறங்கியது. அழுகைகூட வரவில்லை. நானும்தானே கோடு போட்டேன். ஆச்சுன்னு வேற சொன்னேன். அப்பா எங்கிட்டயும் பேசாம போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?

ஜூலை 12, சனி

அப்பா பெட்ரோல் வாங்கப் போன நேரம். டார்ச், பிளையர், அந்தப் பின் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வலது சக்கரத்துக்குக் கீழே குனிந்தேன்.

பின் இருந்தது.

புதுசு. கால்கள் கோணலாக மடங்கியிருந்தன. கீழே மண்ணில் வளைந்துபோன பின்கள் மூன்று கிடந்தன. நான்காவதைத்தான் அந்தக் கையால் நுழைத்திருக்கிறார். என் வெள்ளைக் கோட்டைத் துடைத்துவிட்டிருந்தார். இடது பக்கத்துக் கோடு அப்படியே இருக்கிறது.

எப்போது பார்த்தார்? நேற்று சாப்பிடும்போதே தெரியுமா? அது எனக்காகச் சொன்னதா?

வந்ததும், "சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். பாப்பா என்று சொல்லவில்லை.

தேசப்பன் மாமா எத்தனையோ முறை வந்தார். பழம் கொண்டுவந்தார், கிண்டல் செய்தார். "என் தப்புதான்" என்று ஒருமுறையாவது அப்பாவிடம் சொன்னாரா? நான் கேட்டதில்லை.

என் பின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. காலையில், அம்மா காரில் ஏறுவதற்கு முன்னால், அப்பா கையில் கொடுத்துச் சொல்லிவிடுவேன். சொல்லுவேனா?

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"பாப்பா, முழிச்சிக்கினுதானே கீற? அந்த வொய்ட்னர எடுத்துக்கினு வா. ஒரு கோடு பாக்கி கீது."

வரேம்ப்பா என்று சொல்லிவிட்டேன். வொய்ட்னரோடு அந்தப் பின்னையும் கையில் எடுத்துக்கொண்டேன்.