சேற்றுக்காலர் பேசும் பேச்சு

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவதுதான் கூடியிருக்கிறது. பெரியப்பாவின் தோள்பட்டைக் கட்டைப் பிரித்தாயிற்று, ஆனால் இன்னும் ஒரு மாதம் கிடங்குப் பக்கமே போகக்கூடாது, மூட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ பரவாயில்லம்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். பாதிச் சொற்களை முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துக்கொண்டேன். இந்த மாயாஜாலக் கதைகளில் வருகிற இல்லாத இனங்களெல்லாம் எங்கிருந்தோ குதித்து வந்தவை அல்ல, ஒரு காலத்தில் கப்பலேறிப் போய் நாடு பிடித்தவர்கள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை எப்படிப் பார்த்தார்களோ அந்தப் பார்வைதான் அவற்றுக்கு மூக்கும் தோலும் வைத்தது என்று எழுதியிருந்தாய். அது எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த பக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் மாயாஜாலத் தொடரின் மூலத்தையும் என் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாய். மூலத்தில், குழிக்குள் வாழும் அந்த இனத்தார் ஒலி எழுப்பினார்கள் என்று மட்டுமே இருக்கிற பதினொரு இடத்திலும் நான் ஊளையிட்டார்கள் என்று போட்டிருக்கிறேன். மூலத்தில் அவர்களுக்கு இருப்பது அர்த்தமில்லாத ஒரு பெயர், சேற்றுக்காலர் என்று வைத்தது நான். மூலத்தை எழுதிய கையைவிட மொழிபெயர்த்த கை பலமாக அடித்திருக்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்தபோது அலுவலகத்தில் இருந்தேன். என் மேசைக்கு நேரே ஒரு ஜன்னல் இருக்கிறது, உனக்குத் தெரியும், திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் கையில் இடிக்கும். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். சேற்றுக்காலருக்கு ஒரு பேச்சு வேண்டும் என்று முதல் பாகத்தின்போது எங்கள் பதிப்பகத்து ஆசிரியர் அம்மா கேட்டார். வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பும் வரவேண்டும், கொஞ்சம் அருவருப்பும் வரவேண்டும் என்றார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உன் பெரியப்பா பேசுவதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். எதையும் இரண்டு தடவை சொல்வதும், வார்த்தையின் வாலை விழுங்கிவிடுவதும் அவரிடமிருந்து எடுத்தவைதான். லாரிச் சத்தத்தில் ஒரு தடவை சொன்னால் கேட்காது, முதுகில் பாரம் இருக்கும்போது முழு வார்த்தைக்கு மூச்சு போதாது, அப்படி வந்த பேச்சு அது. புத்தகத்தில் அந்த லாரியும் இல்லை, பாரமும் இல்லை, பேச்சு மட்டும் மந்தபுத்திக்கு அடையாளமாக நிற்கிறது. ஆறு பாகம், இத்தனை வருஷம், ஒரே வீட்டில் உட்கார்ந்து அவர் பேசக் கேட்டுக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

போன மாதம் கிடங்கிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். புதிதாக வந்திருக்கிற மேற்பார்வையாளர், சேத்துக்காலருங்க எல்லாம் வரிசையில நில்லுங்க என்றுதான் கூப்பிடுகிறாராம், சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பெரியப்பா அது என்ன அது என்ன என்று கேட்டார். உன் அப்பா இருக்கிறாரே, பெருமை தாங்காமல், அது நம்ம வீட்டு வார்த்தைண்ணே, உன் தம்பி பொண்டாட்டி உண்டாக்கினது என்று சொல்லி அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்து வந்து அன்றைக்கே சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். அரசகுமாரனுக்கு ஒரு குரல், கிழட்டு மந்திரிக்கு ஒரு குரல் என்று அமர்க்களம். சேற்றுக்காலன் வாயைத் திறக்கிற இடம் வந்ததும் எழுத்தில் உள்ளபடி படித்தார், படித்த குரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனின் குரலாகவே இருந்தது. அப்பா பாதி வரியில் நிறுத்திவிட்டார். படி படி, ஏன் நிறுத்திட்ட நிறுத்திட்ட என்று பெரியப்பாதான் தூண்டினார். மூன்று மத்தியானம் உட்கார்ந்து முழுசாகக் கேட்டு முடித்தார்.

கேட்டு முடித்த அன்றைக்கு நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, ஏம்மா, இவனுங்கள்ல ஒருத்தன்கூடவா நல்லவன் இல்ல இல்ல என்று கேட்டார். கதைதானே, மனசுல வச்சுக்காதீங்க என்றேன். கதைதான் கதைதான், அதுல செத்தானே, அவனுக்கு ஒரு வீடு இருந்துச்சான்னு கேட்டேன் என்றார். மறுநாள் காலையில், எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. அதிலிருந்து என்னிடம் அப்படித்தான் பேசுகிறார். உங்க பேச்சைத்தான் கேக்காம எடுத்துக்கிட்டேன், தப்புதான், மன்னிச்சுக்குங்க என்று நேருக்கு நேர் நின்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, நீங்கள் உங்கள் வேலையைத்தானே செய்தீர்கள் என்றார். இத்தனை வருஷத்தில் என்னை நீங்கள் என்று சொன்னதே இல்லை. பால்கனியில் அப்பாவோடு பழையபடி பேசிக்கொண்டிருக்கிறார், என் காலடி கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்று அறை வீட்டில் நான் எங்கே போய் நிற்பது, சொல்.

ஆசிரியர் அம்மாவிடம் போய், ஏழாம் பாகத்தில் இந்தப் பேச்சை மாற்றிவிடலாம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லித்தான் பேசினார். அவங்க கற்பனை மனுஷங்கதானே, யாரையும் சொல்லலையே, நடுவுல மாத்தினா படிக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க என்றார். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். கடைசிப் பாகம் வரை செய்வதாகக் கையெழுத்துப் போட்டிருப்பதை நினைவூட்டிவிட்டு, நீங்க போனாலும் ஒண்ணும் நிக்காது, உங்க பட்டியல் இருக்கே என்றார். சேற்றுக்காலர் எப்படிப் பேசவேண்டும் என்று நாற்பது பக்கத்துக்கு நானே எழுதிக் கொடுத்த பட்டியல். யார் வந்தாலும் அதைப் பார்த்து எழுதிவிடலாம், என்னைவிடக் கேவலமாகவே எழுதலாம். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் பாகத்தில் குழியின் வாயை அடைத்து அவர்கள் அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறார்கள். ஒன்பது நாளாக அந்த ஒரே அத்தியாயத்தில் இருக்கிறேன், எழுதி முடிக்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. ஊளையை மட்டும் எடுத்துவிட்டேன், மூலத்தில் இல்லாததை எடுத்தால் யாரும் கேட்க முடியாது. என்னால் ஆனது அவ்வளவுதான்.

சரி, கண்ணு, மழைக்கோட்டு வாங்கு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. அப்பா ஆசி சொல்லச் சொன்னார். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு. கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கொடு. ஆனால் ஒன்று மறக்காதே, அதில் எங்கே பார்த்தாலும் மொழிபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்றே எழுதியிருக்கிறாய். அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாய் என்று தெரியும். அது வேண்டாம், அத்தனை இடத்திலும் என் பெயரைப் போடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா