மாடி வெயிலில் பட்டு

மச்சான்,

வாடிப்பட்டிக் கடையிலிருந்து இன்னைக்காவது வருவீங்கன்னு எழுதி வைக்கிறேன். சோறும் அயிரைக் குழம்பும் அடுப்படியில் மூடி இருக்கு. பூனை முந்துறதுக்குள்ள சாப்பிடுங்க.

நான் பக்கத்து வீட்டு ஷரீபாக்காகிட்ட போறேன். அவங்க மக சபுரா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்குறாங்க. இந்த யுத்த காலத்துலயும் ஜவுளிக்காரர் மூட்டையோட வீட்டுக்கே வந்துட்டார். 'அம்புட்டும் சாயம் போன மாதிரி இருக்கே'ன்னு உதட்டைப் பிதுக்கியே அக்கா அவரை அழ வைக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு ரோஸ் வேணுமாம், அக்காவுக்கு ஊதா. பொண்ணு எதுன்னாலும் சரிங்குறா.

'ஊர்க்கதை பேசவே பொறந்தவ'ன்னு திட்டிட்டுப் போனீங்க. இதுவும் ஊர்க்கதைதான். கேக்க நீங்க இல்லாம நெஞ்சுக்குள்ளயே கிடக்கு. போன வெள்ளிக்கிழமைக்கும் நீங்க வரலை.

இடம் பத்தலை, மிச்சத்தை ஓரத்தில் படிங்க. நிக்காஹுக்கு முன்னாடி கல்யாணப் பட்டைப் பொண்ணு மேல போட்டுப் பார்க்க அக்கா விடமாட்டாங்க. சபுரா நிறம்தான் எனக்கும், அதனால என் தோள்ல போட்டுத்தான் பார்ப்பாங்க. வெயில்லதான் நிறம் தெரியும்னு, சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் என்னை அவங்க மொட்டைமாடிக்கு ஏத்துவாங்க.

நீங்க நம்ம மாடிக்கு வாங்க, வத்தல் அள்ளுற மாதிரி. கோபம் தீரலைன்னா பேச வேணாம். எந்தப் பட்டைப் பார்த்து நீங்க வத்தலை மறந்து நிக்கிறீங்களோ, அதையே சபுராவுக்கு எடுக்கச் சொல்லிர்றேன்.