ஏழு பாட்டிலும் டொம்மு

மகிழினி நைனாவுக்கு,

குக்கர்ல சோறு கீது. நெத்திலிக் கொழம்பு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். ஹார்பர்ல ராத்திரி ஷிப்ட்டு பார்த்துட்டு வர்ற மகராசா, துன்னுட்டுத் தூங்கு.

இன்னிக்கும் தண்ணி லாரி வருது. டிரம்மு, குடம், அண்டா, எத்த வேணா ரொப்பிக்கோ. ஜன்னல்ல கீற ஏழு கண்ணாடி பாட்டில மட்டும் தொடாத. உன் பொண்ணு அறிவியல் பாடத்துக்காக காலைல எழுந்து மறுபடியும் ஒண்ணுல கம்மியா, ஒண்ணுல ஜாஸ்தியா அளந்து ஊத்தி வெச்சிருக்கா. ஸ்பூனால தட்டுனா கம்மியா இருக்கறது கீச்சுன்னு கத்தும், ரொம்புனது டொம்முன்னு அடங்கிடும்.

நேத்து லாரியப் பார்த்த ஜோர்ல நீ எல்லாத்தையும் கழுத்து மட்டும் ரொப்பிட்ட. ஏழும் டொம்மு. புள்ள அழுதுகினே படுத்துச்சு. “தண்ணி புடிச்சது ஒரு குத்தமா?”ன்னு கேட்டியே, பெரிய விஞ்ஞானிய்யா நீ. அப்பால மூஞ்சத் திருப்பிக்கினு வேலைக்குப் போய்ட்ட.

சாயங்காலம் டீச்சருக்கு வீடியோ அனுப்பணும். நீதான் எடுக்கணுமாம். என் உத்தரவு இல்ல, உன் பொண்ணோடது.

மதி

இன்னொண்ணு: பாட்டிலுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டிகீறா. எவ்ளோ தட்டுனாலும் டொம்முன்னு கம்முனு கீறது நீயாம். கீச்சுன்னு கத்துற காலி பாட்டிலு நானாம். அதுல மட்டும் ஒரு வாய் தண்ணி ஊத்து. சத்தம் எறங்குதான்னு பாப்போம்.